லியானுக்கு ஓர் இடம்

ஊர்க்கூட்டம் முடிந்து சிவக்கொழுந்து மடத்துக்குத் திரும்பியபோது, சுவாமிகள் கொல்லைப்புறத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

முழங்கால் ஆழம்கூட வரவில்லை, அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. எண்பதை நெருங்கிய உடம்பு.

“என்ன முடிவாச்சு?” என்றார் நிமிராமல்.

“இடுகாட்டுல இடம் தர முடியாதுன்னுட்டாங்க சாமி.”

முந்தின நாள் சாயங்காலம் லியான் செத்துப்போயிருந்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டபோது மனைவியோடு ஓடிவந்தவன். ஊர்க்காரர்கள் செய்யக் கூசிய வேலை அவனுக்குக் கிடைத்தது. அதன்பிறகு இந்த ஊரில் யார் செத்தாலும் அவன்தான் குழி வெட்டினான். சிவக்கொழுந்தின் தகப்பனாருக்கு வெட்டியதும் அவன்தான்.

“ஏன் தர முடியாதாம்?”

“ஓடிவந்தவங்க இருக்கட்டும், வேலை செய்யட்டும், அதுக்கு யாரும் குறுக்க நிக்கல. ஆனா ஒருத்தனைப் புதைச்சுட்டா அப்புறம் இது அவங்க மண்ணாயிடுமாம். வருஷா வருஷம் விளக்கேத்த வருவாங்க. போகவே மாட்டாங்கன்னு பயப்படுறாங்க.”

“போறதுக்கு அவன் பெண்டாட்டிக்கு ஊர் எங்க இருக்கு?”

செத்தவனைப் பார்த்து ஓர் ஊரே பயந்தது என்பது சிவக்கொழுந்துக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

“நீ என்ன சொன்னே?”

“ஊரோட சேர்ந்து நானும் கையைத் தூக்கிட்டேன் சாமி.”

திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. சுவாமிகளுக்குத் திட்டித் திட்டி அலுத்துப்போயிருந்தது. எத்தனை கூட்டம், எத்தனை பேச்சு. ஆள்தான் மாறுகிறது, பேச்சு மாறுவதாக இல்லை.

சிவக்கொழுந்துக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் சீடனாகவே கேட்டார்.

“ஒருத்தன் எப்ப சாமி இந்த ஊர்க்காரன் ஆவான்? நம்ம பேச்சைப் பேசினான். நம்ம கோயில்ல கும்பிட்டான். அப்படியும் மனசு ஒப்பலையே. எது குறையுது?”

சுவாமிகள் மண்வெட்டியை நீட்டினார்.

“இடுப்பு விட்டுப்போச்சு. நீ கொஞ்சம் வெட்டு.”

சிவக்கொழுந்து இறங்கினார். வெட்ட வெட்ட உள்ளங்கை எரிந்தது. சரளை மண், லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பாவுக்கு வெட்டும்போதும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மூச்சு வாங்க நிமிர்ந்தபோதுதான் பிடுங்கிப் போட்டிருந்த எல்லைக் கற்கள் கண்ணில் பட்டன. சுவாமிகளின் சமாதிக்கென்று ஊரே கூடி அளந்து, நாலு மூலையிலும் நட்ட கற்கள். மேலே மண்டபம், வருஷத்துக்கொரு குருபூஜை, வெளியூர்க் கூட்டம் என்று ஊர் இப்போதே கனவு கண்டுகொண்டிருந்தது.

“சாமி! இது உங்க இடம்!”

“லியானுக்குக் குடுத்துட்டேன்.”

“ஊர் சும்மா விடாது.”

“விடாதுதான். நாளைக்கு வந்து சத்தம் போடட்டும். இன்னிக்கு அவன் வீட்டு வாசல்லயே கிடக்கான்.”

சிவக்கொழுந்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார்.

“அப்ப உங்களை நாங்க எங்க வைக்கிறது?”

சுவாமிகள் மண்மேட்டில் மெல்ல உட்கார்ந்தார்.

“நான் போனதும் அவன் பெண்டாட்டிகிட்ட போய்க் கேளு, கொழுந்து. பக்கத்துல எனக்குக் கொஞ்சம் இடம் தருவாளான்னு.”