சீறுமுள் செடியின் பூ

முன்னொரு காலத்தில், செடிகளுக்கும் கோபம் வந்த ஒரு நாட்டில், அரண்மனைத் தோட்டத்தில் சீறுமுள் என்றொரு செடி இருந்தது. கை நெருங்கினால் அதன் முட்கள் சீறிக்கொண்டு முழ நீளம் வளரும். பறித்த பூ நாலடி போவதற்குள் தண்ணீராகிவிடும். அதை நட்டவள் அரசி. அவள் இறந்த பிறகு அரசர் அந்தப் பக்கமே போகவில்லை.

அவள் இறந்து ஓராண்டு நிறைந்த அன்று அவருக்கு ஓர் ஆசை வந்தது.

"அந்தப் பூவை நான் பார்க்க வேண்டும். பறிக்காமல் அவைக்குக் கொண்டுவாருங்கள்."

 அமைச்சர் காளத்தியார் எழுந்தார். அவையைச் சிரிக்க வைக்கும் தும்பையன்மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல்.

"அரசே, தும்பையனால் ஆகாததா? முடியாவிட்டால் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் அரசர், தரையைப் பார்த்தபடி.

 தும்பையனுக்குப் போக வேறு ஊர் இல்லை. அதைவிட, துக்கத்தில் கிடக்கும் அரசரை இப்படியே விட்டுப் போக மனமில்லை.

வாசலில் காளத்தியார் வழிமறித்தார். "என்ன ஓய், மூட்டை கட்டியாச்சா?"

"கட்டிக்கிட்டே இருக்கேன் சாமி. உம்மையும் சேர்த்துக் கட்டலாம்னு பார்த்தா கயிறு பத்தலை."

அந்நாட்டில் அரசரின் வெண்குடை எங்கே விரிகிறதோ, அதுவே அவை. வேட்டைக்காட்டில் விரித்தாலும் அங்கேதான் வழக்கு, தீர்ப்பு எல்லாம். தும்பையன் அந்தக் குடையைத் தூக்கிப்போய்ச் செடியருகே நட்டு விரித்தான். அவை கூடிவிட்டதென்று முரசறையச் சொன்னான்.

அரசர் பதறி ஓடிவந்தார். "என் குடையைத் தொட்டவன் யார்?"

"அடியேன்தான். பூ அவைக்கு வந்துவிட்டது அரசே. காம்பில்தான் இருக்கிறது."

"மோசடி! இது அவையே இல்லை!" என்று கத்தினார் பின்னாலேயே ஓடிவந்த காளத்தியார்.

"போன வேட்டையில் இந்தக் குடையடியில்தானே தங்கள் மாமனாருக்கு நாற்பது காணி நிலம் கேட்டு வாங்கினீர்கள்? அதுவும் அவை இல்லையோ?"

காளத்தியார் இருமினார். "இது... அவைதான்."

அவர்கள் பேச்சு எதுவும் அரசர் காதில் விழவில்லை. நீலப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கை நீட்டினார். முட்கள் சீறின. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அடுக்களையில் பணியாரத்தில் கை வைத்தால் அவளும் இப்படித்தான் சீறுவாள்!" என்று சிரித்தார். கண் நிறையும்வரை சிரித்தார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றித் தும்பையன் கழுத்தில் போட்டார்.

"காளத்தியாரே, வெயில் அடிக்கிறது. செடிப்பக்கம் குடையைச் சாய்த்துப் பிடியும். நாளைக்கும் அவை இங்கேதான்."