அறுபத்தேழாவது வெல்லம்

"போச்சு அம்மை. மூணாவது தடவையும் போச்சு."

இருநூற்றெண்பது படி ஏறி வந்த மூச்சோடு வடிவு சொன்னாள். கையில் வெள்ளைத் துணியில் முடிந்த மூட்டை.

குரு தராசுச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எது போச்சு அக்கா?"

குரு உலகம்மைக்கு வயது இருபத்தொன்பது. சீடப்பிள்ளை வடிவுக்கு நாற்பத்தாறு. அதனால் ஒருத்தி அம்மை என்றும் மற்றவள் அக்கா என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். மலைமேல் மண்டபத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

மண்டபத்தில் இருந்தது துலாபாரத் தராசு. வேண்டிக்கொண்டவர் ஒரு தட்டில் உட்காருவார். எதிர்த்தட்டில் அவர் எடைக்கு எடை வெல்லம் வைப்பார்கள். எல்லாம் ஒரே அச்சில் பிடித்த உருண்டை. தராசைப் பார்த்துக்கொள்வது உலகம்மையின் வேலை. அவள் பேசுவது குறைவு. அந்தக் குறைவைக் கேட்கத்தான் ஜனம் படியேறி வந்தது.

"நேத்து நீங்க கல்யாணத்துக்குப் போயிட்டீங்க. காவக்கார அண்ணன்தான் வெல்லம் வச்சாரு. அறுபத்தாறுக்குத் தட்டு எழும்பல. இன்னொண்ணு வச்சாரு அம்மை. அறுபத்தேழு!"

"சரி."

"சரியா? என்ன சரி?"

வடிவுக்குக் கோபம் வந்தால் அழகாகப் பேசுவாள்.

"தொண்ணூறு வெல்லமா இருந்தவ நான். முட்டி மடங்காது. அடிவாரத்துல நின்னு மேல மணியடிக்கிற சத்தத்தைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போவேன். ஒரு வருஷம் வாயைக் கட்டினேன், நடந்தேன், குறைச்சேன். தை மாசம் அறுபத்தாறு வச்சு வேண்டுதல் முடிச்சேன். ஊரே கூடி நின்னு குலவை போட்டுச்சு. மேளம் என்ன, மாலை என்ன! இப்ப ஆறு மாசமா அதே அறுபத்தாறைக் கட்டிக் காக்கேன். ஒரு பீப்பீச் சத்தம் உண்டா? குறைக்கிறவளுக்கு மேளம். கூடினவளுக்குச் சிரிப்பு. அப்படியே வச்சிருக்கிறவளுக்கு என்ன? ஒண்ணும் கிடையாது! இது எந்த ஊரு நியாயம்?"

"நியாயம் இல்லதான்."

எதிர்வாதம் வரும் என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்கு இது ஏமாற்றமாக இருந்தது.

"மூட்டையில என்ன அக்கா?"

"அதிரசம்."

"எத்தனை?"

"நாப்பது."

சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு விசேஷமானாலும் அதிரசம் சுட வடிவைத்தான் கூப்பிடுவார்கள். பாகுப் பதம் அவள் விரல் நுனியில் இருந்தது. இந்த நாற்பது எந்த வீட்டு விசேஷத்துக்கும் சுட்டதல்ல.

முதல் தடவை எழுபத்தைந்துக்கு இறங்கினாள். ஒரு நாள் ஒரு வெல்லம் ஏறியது. போச்சு என்றாள். அன்றைக்கே அதிரசத்துக்கு ஒரு படி அரிசி ஊறப்போட்டாள். இரண்டாம் தடவை எழுபது. மறுபடி ஒரு வெல்லம். மறுபடி ஒரு படி அரிசி. இரண்டு தடவையும் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தவள், எல்லாவற்றையும் தின்று தீர்த்துத் துணியை உதறிக் காயப்போடும் வரை ஓயவில்லை. அடுத்த ஆடிக்குள் தொண்ணூறு. மலை உயரமாகிவிட்டது. கடைசியாக அப்படி ஆனபோது, எட்டு மாதம் அவளால் குருவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள்.

"இனி என்னால படியேறி வர முடியாது அம்மை. ஏறுன ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு இருபதாகும். எனக்கு என்னைத் தெரியாதா? கும்பிட்டுட்டுப் போறேன்."

"போகலாம். ஒரு தடவை உட்காருங்க."

"எதுக்கு? அதான் தெரியுமே!"

"காவக்கார அண்ணன் எண்ணினது. நான் எண்ணலையே."

வடிவு மூட்டையைத் தூணோரம் வைத்துவிட்டுத் தட்டில் உட்கார்ந்தாள். குரு எதிர்த்தட்டில் ஒவ்வொன்றாக வைத்தாள். அறுபத்தாறு. தட்டு எழும்பவில்லை. அறுபத்தேழு. எழும்பியது.

"பாத்தீங்களா?"

"முள்ளைப் பாருங்க அக்கா."

தராசின் முள் இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தது.

"ஆடுது."

"நிக்கட்டும். நின்னதும் சொல்லுங்க."

வடிவு காத்திருந்தாள். முள் ஆடியது.

"காத்து அடிக்குது அம்மை."

குரு எழுந்துபோய் மண்டபத்துக் கதவுகளைச் சாத்தினாள்.

முள் ஆடியது.

"சங்கிலில எண்ணெய் கூடிப்போச்சு."

குரு சங்கிலியைத் துணியால் துடைத்தாள்.

முள் ஆடியது.

"நான் அசையுறேன்போல."

"அசையாதீங்க."

வடிவு கல்லாக உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்தாள். முள்ளின் ஆட்டம் சிறுத்தது, சிறுத்தது, நின்றே போகும் போலிருந்தது. நிற்கவில்லை. நெஞ்சு அடிக்கிற கணக்கில் இம்மி இம்மியாகத் துடித்தது.

மூச்சை விட்டாள். முள் பழையபடி ஆடியது.

"தராசு கெட்டுப்போச்சு!" என்று இறங்கினாள். "நம்ப மாட்டீங்களா? நீங்க உட்காருங்க. நான் வைக்கேன். உங்களுக்காவது நிக்குதா பாப்போம். எனக்கு மட்டும்தான் இந்த ஓரவஞ்சனைன்னா, அதையும் தெரிஞ்சுகிட்டே போறேன்."

குரு சேலையை ஒதுக்கிக்கொண்டு தட்டில் உட்கார்ந்தாள். கால்களை ஊஞ்சல் மாதிரி ஆட்டினாள்.

"காலை ஆட்டாதீங்க அம்மை!"

ஆட்டம் நின்றது. வடிவு எதிர்த்தட்டிலிருந்து உருண்டைகளை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள். இறுதியில் தட்டு இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன. மிச்சத்தை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவள் முகம் மலர்ந்தது.

"அம்மை."

"என்ன?"

"அம்பத்து நாலு."

"ம்."

"போன மாசம் நானே எண்ணினேன். அம்பத்து ரெண்டு!"

"ஆமா."

"ரெண்டு ஏறிட்டீங்க! எனக்காவது ஒண்ணுதான்!"

"வாரம் முழுக்கக் கல்யாணம். நேத்து மட்டும் பாயசம் மூணு தம்ளர். பருப்புப் பாயசம் அக்கா. என்ன செய்ய?"

"அய்யய்யோ. அப்புறம்?"

"இன்னிக்குக் காலையில கஞ்சி குடிச்சேன்."

"அப்புறம்?"

"சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். நீங்க வந்தீங்க."

"அவ்வளவுதானா? அழலையா?"

"எதுக்கு?"

இதற்குப் பதில் வடிவிடம் இருந்தது. நாற்பது அதிரசம் கனத்துக்கு இருந்தது. அவள் முள்ளைப் பார்த்தாள். குருவுக்கும் அது நிற்கவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம். அந்தப் பக்கம் கொஞ்சம்.

வாதம் என்று வந்துவிட்டால் வடிவு தோற்றுப் பழக்கமில்லாதவள்.

"இல்ல அம்மை. இது நிக்கும். நேத்து நான் கதவைத் தள்ளிட்டு உள்ள வந்தப்ப முள்ளு ஆடாம அசையாம நட்டுக்குத்தா நின்னுச்சு. நானே கண்ணால பாத்தேன். சத்தியம்!"

"நான் நம்புறேன். அப்பத் தட்டுல யாரு இருந்தா?"

"யாருமே இல்ல."

சொல்லிவிட்டு வடிவு, குரு உட்கார்ந்திருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவிடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக வந்து வெல்லத்தின் மேல் விழுந்தது. ஓர் எறும்பு அதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது.

அவள் தூணோரம் போய் உட்கார்ந்தாள். மூட்டையை மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். ஓர் அதிரசத்தை எடுத்து, விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டுத் தின்றாள். பதம் சரியாக வந்திருந்தது. இத்தனை வருடம் சுட்டும், அவள் ஒன்றை இவ்வளவு நேரம் தின்றதில்லை.

"எனக்கு?" என்றாள் குரு, தட்டில் ஆடியபடி.

"அம்பத்து நாலுக்கு அதிரசமா? பாதி தாரேன்."

இன்னொன்றைப் பிட்டுப் பாதியைக் கொடுத்தாள். மற்ற பாதியைத் துணிக்குள் வைத்தாள்.

பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, முடிச்சைத் திரும்பப் போட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் அம்மை?"