பங்குனியில் திறந்த காடு

ஆவுடைக்கோட்டையை ஆண்ட சொக்கப்ப பூபதி நல்லவர்தான். தூக்கம்தான் வராது. ஒரு கார்த்திகையில் வேட்டைக்குப் போய் வழிதவறி, மலைக்காட்டில் ஒரு வாகை மரத்தடியில் படுத்தவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. கண் விழித்ததும் கட்டளை பிறந்தது.

"இந்தக் காடு அரண்மனைக்குப் பின்னால் வேண்டும்."

தளவாய் மருதப்பர், கப்பலில் செடிகள் வரவழைக்கலாம் என்றார். தம் மாளிகைத் தோட்டத்தை அவர் அப்படித்தான் போட்டிருந்தார். யானைக் கொட்டிலுக்குப் புல் அறுத்துக்கொண்டு வரும் சடச்சி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"பக்கத்து மலையில இருக்கிற மரத்துக்குக் கப்பல் எதுக்கு ராசா? ஆட்டுப் புழுக்கையும் மரநாய் எச்சமும் போதும். விதையெல்லாம் அதுலதான் கிடக்கு."

சபை மூக்கைப் பொத்திக்கொண்டது. மன்னருக்குத் தூக்கம் முக்கியம். மூன்று வருடம் கெடு கொடுத்தார். அதுவரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. காடு வளர்ந்தால் அதற்கு அவளே காவல்காரி. வளராவிட்டால், அவள் புல் போட்ட பட்டத்து யானையே அவள்மேல் காலை வைக்கும்.

அரண்மனைக்குப் பின்னால் மதில் சூழ்ந்த நிலத்தில் சடச்சி கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். முதல் மழையிலேயே முளைத்தது. வாகை, உசில், வெப்பாலை, மாவிலங்கம், புங்கம். மூன்றாம் வருடக் கார்த்திகையில் அவளே உள்ளே போனால் வெளியே வர வழி தேடவேண்டியிருந்தது. அப்போதே திறந்திருக்கலாம். அரண்மனைச் சோதிடர் பங்குனியில்தான் நல்ல நாள் என்றார். கார்த்திகைக் காட்டை மட்டுமே பார்த்திருந்த மன்னரும் சரி என்றார்.

மேளதாளத்தோடு கதவைத் திறந்தார்கள். மேளம் பாதியில் நின்றது. உள்ளே வரிசையில்லாமல் ஆயிரம் குச்சிகள் நின்றன. கண்ணுக்கு எட்டியவரை ஓர் இலை இல்லை.

"செத்துவிட்டன," என்றார் தளவாய், வருத்தப்பட முயன்றபடி. "இதே வெயிலில் என் தோட்டத்தைப் பாருங்கள் மன்னா. ஓர் இலை உதிரவில்லை. இந்த நிலத்தையும் என்னிடம் விட்டால்..."

"சாகலை ராசா," என்றாள் சடச்சி. "கோடையில இதுங்க இப்படித்தான் நிக்கும். மழை விழட்டும், துளுத்துடும்."

"பிணத்தைக் காட்டித் தூங்குகிறது என்கிறாள்," என்றார் தளவாய்.

மன்னரின் முகம் கறுத்தது. "நான் வருகிற நாளிலா இந்தக் கோலத்தில் நிற்கவேண்டும்? யானையைக் கொண்டுவாருங்கள்."

யானை வந்தது. சடச்சியைக் கண்டதும் புல்லுக்காகத் துதிக்கையை நீட்டியது. பாகன் அதைத் தட்டிவிட்டு, "வேற வேலையா வந்திருக்கோம்" என்று அதன் காதில் சொன்னான்.

அப்போது கோனேரி முன்னால் வந்தார். சபையில் அவருக்கு இன்ன வேலை என்று கிடையாது. மன்னர் கோபப்படும்போது பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

"தளவாய் அவர்களே, உங்கள் மேல்துண்டு எங்கே?"

"இடுப்பில்."

"ஏன், தோளுக்கு என்ன?"

"விளையாடுகிறீரா? மன்னர் முன்னால் தோளில் துண்டோடு நிற்க எனக்கென்ன பைத்தியமா?"

ஆவுடைக்கோட்டை ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். மந்திரியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் மன்னரைக் கண்டால் துண்டு தோளிலிருந்து இறங்கியாகவேண்டும்.

கோனேரி குனிந்து வாகையடியிலிருந்து ஒரு கை சருகை அள்ளினார்.

"இவற்றுக்குக் கட்டிக்கொள்ள இடுப்பு இல்லை மன்னா. காலடியில் போட்டுவிட்டு நிற்கின்றன."

மன்னர் ஒரு மரத்தைப் பார்த்தார். அடுத்த மரத்தைப் பார்த்தார்.

"எல்லாமுமா?"

"எல்லாமும். நீங்கள் வருகிற செய்தி தெரிந்ததிலிருந்து."

"அது இல்லீங்க, வருசா வருசம்..." என்று ஆரம்பித்த சடச்சியின் காலைக் கோனேரி மிதித்தார். யானை மிதிப்பதைவிட அது லேசாகத்தான் இருந்திருக்கும்.

மன்னர் மரங்களைப் பார்த்துத் தலையசைத்தார். "இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார்.

தளவாய் விடவில்லை. கையை நீட்டினார். காட்டின் கோடியில் ஒரு புங்கமரம் புதுத்தளிரோடு பளபளவென்று நின்றது.

"அதற்கு மட்டும் மரியாதை தெரியாதோ?"

சடச்சி கண்ணை மூடிக்கொண்டாள். கோனேரி குரலைத் தாழ்த்தினார்.

"தளவாய் அவர்களே, அது பெண்."

மன்னர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எல்லோரும் திரும்புங்கள்!"

கூட்டம் முழுவதும் புங்கமரத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. பாகன் யானையையும் திருப்பினான்.

"பெண்பிள்ளை இருக்கிற இடத்தில் மேளக்காரர்களை யார் உள்ளே விட்டது?" மன்னர் மதிலைப் பார்த்தபடியே உத்தரவு போட்டார். "இனிமேல் சடச்சியைக் கேட்காமல் ஓர் ஆண் இங்கே கால் வைக்கக் கூடாது. காவல் அவளுக்கே. தூங்க வரும்போது நானும் வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்."

எல்லோரும் தலையைக் குனிந்தபடி வெளியேறினார்கள். சடச்சி மட்டும் உள்ளே நின்றாள். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்த மன்னருக்கு ஒரு சந்தேகம்.

"தளவாய், உமது தோட்டத்தில் ஓர் இலை உதிரவில்லை என்றீர். போன வாரம் நான் வந்தபோதும் எல்லாம் உடுத்திக்கொண்டு ஜம்மென்று நின்றன. அவை ஆண்களா?"

தளவாய்க்கு வியர்த்தது. ஆண்கள் என்றால் ராஜ அவமதிப்பு. யானை இன்னும் பக்கத்தில்தான் நின்றது.

"பெண்கள், மன்னா."

"எத்தனை?"

"முந்நூற்று எழுபது."

மன்னர் அவர் தோளில் கை போட்டுக் கொஞ்ச தூரம் தனியே அழைத்துப்போனார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"வீட்டில் தெரியுமா?"