உச்சிக்கிளைக்கு இரை போகாது

அந்தக் காலத்தில், குருவி பேசினால் ஓணானுக்கும் புரியும், ஓணான் பேசினால் பாம்புக்கும் புரியும். அப்போது தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இருந்ததில்லை. ஒரே கண்மாய்க்கரை, ஒரே கருவேலங்காடுதான். ஆனாலும் ஆளுக்கு ஒரு புதர் என்று பிரிந்து, குனிந்த தலை நிமிராமல் சருகைப் புரட்டிக்கொண்டு இருக்கும்.

குனிந்த தலையைத்தான் வல்லூறு தேடும்.

அந்தக் கரையில் சருகாயி என்று ஒரு தவிட்டுக்குருவி இருந்தாள். அவள் முட்டை பொரித்த அன்றைக்கே அவள் புருசனை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவன் வாயில் பிள்ளைகளுக்கு எடுத்த புழு அப்படியே இருந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள், ஒன்றுக்கும் இறகு முளைக்கவில்லை. இரை தேடப் போனால் வானத்தைப் பார்க்க முடியாது. வானத்தைப் பார்த்தால் இரை கிடைக்காது. அவள் என்ன செய்வாள்?

நாத்தனார் வெள்ளச்சியிடம் போய் அழுதாள். வெள்ளச்சி வாய்க்காரி.

"அழுதா வல்லூறு இரக்கப்படுமா மதினி? நாம ஏழு பேரு இருக்கோம். மத்தவங்க எல்லாம் எப்படிப் பிழைக்கிறாங்கன்னு பார்த்துட்டு வாறேன், இரு" என்று பறந்து போனாள்.

சாயங்காலம் மற்ற ஆறு பேரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"கீரி வீட்டுக்குப் போனேன். அங்க யாருக்கும் யாரும் கட்டுப்பட்டதில்ல. எவன் பல்லு பெருசோ அவன் சொன்னதுதான் சட்டம். காக்கா வீட்டுக்குப் போனேன். ஒண்ணுன்னா எல்லாரும் கூடிப் பேசுறாங்க. பேசுறாங்க, பேசுறாங்க, பொழுதும் அடைஞ்சிருது. தேனீ வீட்டுக்குப் போனேன். அங்க ஒரு ராணி. அவ சாகிற வரைக்கும் அவதான். மறுபேச்சு கிடையாதாம்."

"நமக்குத் தேனீ வழிதான் சரி" என்றான் சருகாயியின் கொழுந்தன் முக்கன். "ஒருத்தன் மேலே இருந்து பார்க்கட்டும். அவன் 'பதுங்கு'ன்னா எல்லாரும் பதுங்கணும். ஏன் எதுக்குன்னு கேட்கக் கூடாது. கேட்டுக்கிட்டு நின்னா வல்லூறு விடுமா?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. முக்கனுக்குக் கண்ணும் நல்ல கூர்மை. அவனையே வைத்தார்கள். உடைமரத்தின் உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்தான்.

முதல் நாள் வல்லூறு இரண்டு தடவை வந்தது. முக்கன் இரண்டு தடவையும் கத்தினான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஏறியதும் அவனுக்குப் பசித்தது. இறங்கப் பார்த்தான்.

சருகாயி அதைப் பார்த்துவிட்டாள். அவன் இறங்குகிற நேரம் பார்த்து வல்லூறு வந்துவிட்டால்?

"இறங்காதீங்க கொழுந்தனாரே! உங்களுக்கு வேண்டியதை நான் கொண்டுவந்து தாறேன்" என்று சொல்லி, தான் பிடித்த வெட்டுக்கிளியை மேலே கொண்டுபோய் அவன் வாயில் வைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கு ஒன்று கொண்டுபோனார்கள்.

முக்கன் அன்றைக்கு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு சட்டம் சொன்னான்.

"பிடிக்கிறதெல்லாம் முதல்ல இங்க வரட்டும். மேலே இருந்து பார்க்கிறவனுக்குத்தான் யாருக்கு எவ்வளவு பசின்னு தெரியும். நான் பங்கு வச்சுத் தாறேன்."

நாலாம் நாள் ஒரு பூரானுக்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள். "வழக்கையும் இங்கேயே கொண்டுவாங்க" என்றான் முக்கன். கொண்டுபோனார்கள். இவன் சொல்வதைக் கேட்டான், அவன் சொல்வதைக் கேட்டான், பூரானை எடுத்துத் தானே முழுங்கினான். "வழக்கு தீர்ந்தது. போங்க."

"நல்லாத் தீர்த்தான்! பூரானுக்குத்தான் தீர்ப்பு" என்று வெள்ளச்சி முனகினாள்.

"பதுங்கு!" என்று கத்தினான் முக்கன். எல்லோரும் புதருக்குள் விழுந்தார்கள். நிழல் எதுவும் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒவ்வொருவராக வெளியே வந்தபோது, வெள்ளச்சி சொன்னதை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அடிக்கடி அப்படித்தான் நடந்தது. பங்கு குறைவு என்று யாராவது வாய் திறந்தால் "பதுங்கு!" பதுங்காமல் நிற்க யாருக்குத் தைரியம்? பார்க்கிறவன் அவன் ஒருவன்தானே.

சருகாயி யாரிடமும் வாய் கொடுக்கமாட்டாள். பிடித்ததை எல்லாம் மேலே கொண்டுபோவாள். அவன் தருகிற காலோ சிறகோ வாங்கிக்கொண்டு கூட்டுக்கு வருவாள். ஆறாம் நாள் காலையில் கடைக்குட்டி வாயைத் திறக்கவில்லை. மற்ற இரண்டும் கழுத்தை நீட்டிக் கத்தின. அது மட்டும் தலையைத் தூக்காமல் கிடந்தது. அதற்குக் கத்தக்கூட வலு இல்லை.

அவள் இறங்கிப் போய் ஒரு பச்சைப்புழுவைப் பிடித்தாள். உச்சிக்கிளைப் பக்கம் போகாமல் நேரே கூட்டைப் பார்த்துத் தத்தினாள்.

"மதினி, புழு இங்க வரணும்" என்றான் முக்கன்.

அவள் நிற்கவில்லை.

"பதுங்கு! வல்லூறு! பதுங்கு!"

ஐந்து பேரும் பதுங்கினார்கள். சருகாயி வெட்டவெளியில் நின்றாள். பொய்யென்று அவளுக்குத் தெரியாது. நிசமாகவே வந்தாலும் வரட்டும், இன்றைக்கு இந்தப் புழு பிள்ளை வாய்க்குப் போகாவிட்டால் பதுங்கி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

புதருக்குள் இருந்த ஐந்து பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு வானத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றாகக் கத்த ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு இரைச்சல் அந்தக் கரையில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நேத்தும் இப்படித்தானா?"

"முந்தாநாளும் இப்படித்தான்டி!"

"இறங்குடா கீழே!"

முக்கன் இறங்கினான். ஆறு நாள் உட்கார்ந்தே தின்ற உடம்பு, தத்த முடியாமல் தத்தியது. "சருகு எந்தப் பக்கம் புரட்டணும்னாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் வெள்ளச்சி.

சருகாயி அதற்குள் புழுவைக் கூட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். கடைக்குட்டி கொஞ்சம் முழுங்கியது. எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இனி நீதான் மேலே. உனக்குத்தான் தைரியம். உன் பிள்ளைகளுக்கு நாங்க ஊட்டுறோம்."

அவள் மாட்டேன் என்றாள், அவர்கள் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கண்மாய் முழுக்கத் தெரிந்தது. எந்தச் சருகின் அடியில் என்ன ஊர்கிறது என்று தெரிந்தது. காற்றும் நன்றாக வீசியது. முக்கன் ஏன் இறங்கவில்லை என்று அவளுக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது.

உச்சிவேளையில், கேட்காமலேயே ஒருவன் கொழுத்த சிள்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தான். பசி. கூச்சமாக இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். இன்னும் முழுங்கவில்லை. வல்லூறு வந்தது.

கரையின் அந்தப் பக்கத்திலிருந்து தாழ்வாக வந்தது. அவள் கூட்டைப் பார்த்துத்தான் வந்தது. கூட்டில் வெள்ளச்சி முதுகைக் காட்டிக்கொண்டு கடைக்குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சருகாயி கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் நிறைய வண்டு.

வண்டைத் துப்பினாள். "வெள்ளச்சீ!"

வெள்ளச்சி புரண்டு முள்ளுக்குள் விழுந்தாள். வல்லூற்றின் கால் வெறும் குச்சியைப் பிடித்தது. அது திரும்பி மறுபடி வருவதற்குள் சருகாயி கூட்டின்மேல் வந்து நின்றுவிட்டாள். மற்றவர்களும் வந்துவிட்டார்கள், முக்கனும் வந்தான். ஏழு பேரும் சிறகை விரித்துக்கொண்டு ஒரே குரலாகக் கத்திய கத்தில் வல்லூறு வந்த பக்கமே பறந்துபோனது.

மூச்சு வாங்கி முடித்ததும் சருகாயி பேசினாள். கூட்டத்தில் அவள் பேசியது அன்றைக்குத்தான்.

"முதல்ல மேலே இரை கொண்டுபோனது நான். தப்பு என்னுதுதான். இனிமே உச்சிக்கிளைக்கு யாரும் எதுவும் கொண்டுபோகக் கூடாது. வாய் நிறைஞ்சவங்களுக்குக் கத்த வராது. பசிச்சா இறங்கட்டும், வயிறு நிறைஞ்சவங்க ஏறட்டும். மேலே இருக்கவங்களுக்குப் பார்க்கிறது மட்டும்தான் வேலை. பங்கு கீழே, வழக்கும் கீழே. அதை எல்லாரும் பேசித் தீர்த்துக்கலாம்."

"காக்கா வீடு மாதிரி இரைச்சலா இருக்குமே" என்றான் ஒருவன்.

"இருந்துட்டுப் போகுது" என்றாள் வெள்ளச்சி, முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

"என் முறை உண்டா?" என்று முக்கன் மெதுவாகக் கேட்டான்.

சருகாயி யோசித்தாள். "உண்டு கொழுந்தனாரே. உங்க கண்ணு நல்ல கண்ணுதான். போய் உட்காருங்க."

முக்கன் ஏறினான். அன்றைக்கு நன்றாகத்தான் பார்த்தான். பொழுது சாய்கிற நேரத்தில் வயிறு கூப்பிட்டது, தானாக இறங்கி வந்தான். யாரும் இறங்கச் சொல்லவில்லை. வெள்ளச்சி ஏறினாள்.

அன்று முதல்தான், தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கூடிச் சருகு புரட்டும்போது ஒன்று மட்டும் ஒன்றும் தின்னாமல் கிளைமேல் உட்கார்ந்து பார்க்கிறது, பசித்ததும் இறங்கி இன்னொன்றுக்கு இடம் விடுகிறது. கீழே இருக்கிறவை எல்லாம் ஓயாமல் ஒன்றோடொன்று வழக்குப் பேசிக்கொண்டே இருக்கின்றன.