தலைப்பாகைக்குள் முட்டை

முன்னொரு காலத்தில் குன்றைய நாட்டை மாறவேலன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு என்பது அவன் வழக்கம்.

ஒருநாள் அமைச்சர் சேந்தனார், "அரசே, நம் கோழிக்காரி பொன்னுருவியின் சாம்பல் கோழி எட்டு வயதிலும் முட்டையிடுகிறது. அது நல்ல இனம். நாடெங்கும் அதன் குஞ்சுகளைப் பரப்பலாம்" என்றார்.

சேந்தனாரின் நாற்காலிமேல் வெகுநாளாய்க் கண் வைத்திருந்தவர் அவைப் பிரதானி வச்சிரநாதர். "கிழக்கோழியா முட்டையிடும்? கிழவர்தான் கதை விடுகிறார்!" என்று சிரித்தார்.

அரசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஏழு நாளில் ஒரு முட்டை வரவேண்டும். வராவிட்டால் கோழி குழம்புக்கு, அமைச்சர் வீட்டுக்கு! வச்சிரநாதரே, தினமும் காலையில் நீரே போய்க் கூண்டைப் பாரும்."

ஆறு நாளும் வச்சிரநாதர், "ஒன்றுமில்லை அரசே" என்றார்.

ஆறாம் நாள் மாலை பொன்னுருவி அமைச்சரிடம் ஓடிவந்தாள். "சாமி, கோழி தினமும் கொக்கரிக்குது. போய்ப் பார்த்தா முட்டை இல்ல. அந்த ஐயா என்னை வெளியே நிக்கச் சொல்லிட்டுத்தான் உள்ளே போறாரு. திரும்பும்போது தலையில நிறைகுடம் வச்ச மாதிரி நடக்கிறாரு."

சேந்தனார் சிரித்தார். "நாளை விடியுமுன் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, கோழி முட்டையிடும் இடத்தில் பூசிவிடு."

"கோழிக்குப் பொட்டா சாமி? அதுவும் அங்கேயா?"

"அங்கேதான்."

ஏழாம் நாளும் வச்சிரநாதர் கூண்டிலிருந்து நேரே அவைக்கு வந்து, "ஒன்றுமில்லை அரசே" என்றார்.

"சேந்தனாரே, கிளம்பும்" என்றான் அரசன்.

"கிளம்புகிறேன். ஆனால் ஏழு நாளும் விடியலில் எழுந்து கோழிக்கூண்டில் தலையை விட்டவருக்கு மரியாதை வேண்டாமா? தங்கள் கையாலேயே இவருக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டிவிடுங்கள்."

"பலே! வச்சிரநாதரே, பழைய தலைப்பாகையை எடும்!"

வச்சிரநாதர் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் அரசே! எனக்குச் சளி பிடித்திருக்கிறது."

"அரசன் கட்டும் பட்டு சளிக்கு நல்லது" என்று மாறவேலன் தானே உருவினான். உள்ளிருந்து ஒரு முட்டை கம்பளத்தில் விழுந்து உருண்டது.

"அது... என் வீட்டு முட்டை அரசே! காலைப் பலகாரத்துக்கு வைத்திருந்தேன்."

சேந்தனார் முட்டையை எடுத்துக் காட்டினார். அதன்மேல் சிவப்பாக ஒரு தீற்றல். "உங்கள் வீட்டுக் கோழிகள் குங்குமம் வைத்துக்கொள்ளுமா பிரதானியாரே?"

அரசன் கோழியை வரவழைத்தான். யாரையும் நம்பாமல், தன் கையாலேயே வாலைத் தூக்கிப் பார்த்தான். அவனுடைய விரல் சிவந்தது. அவையே குலுங்கிச் சிரித்தது.

"சேந்தனாரே, நீர் இருக்கையில் அமரும். பொன்னுருவிக்கு ஒரு தோட்டமும் கோழிக்கொட்டகையும் கொடும். அங்கே இந்த இனம் பெருகட்டும். வச்சிரநாதரே, கூண்டின் வாசலில் நில்லும். சாம்பல் கோழி முட்டையிடும் போதெல்லாம், எனக்குக் கட்டியம் கூறுவது போல அதற்கும் ஊர் கேட்கக் கூற வேண்டும். அது முட்டையிடுவதை நிறுத்தும் நாளில் நீர் வீட்டுக்குப் போகலாம்."

அதன்பின் மூன்று ஆண்டுகள் ஓடின. முதலில் ஓய்ந்தது வச்சிரநாதரின் தொண்டைதான்.