இரட்டைக்காரன் இல்லாத கிளை

மழை இரண்டு வருடமாக எட்டிக்கூடப் பார்க்காத ஒரு காட்டில், ஒரு மான் கூட்டமும் ஒரு செந்நாய்க் கூட்டமும் இருந்தன. ஆறு வற்றிப்போய் ஏழு மடுக்களில் மட்டும் தண்ணீர் மிஞ்சியிருந்தது. மான்கள் தினமும் ஏதாவது ஒரு மடுவுக்கு வந்தே ஆக வேண்டும். அது செந்நாய்களுக்கும் நன்றாகத் தெரியும். அவை ஒவ்வொரு நாளும் ஒரு மடுவாகப் பார்த்துப் புதரில் படுத்துக் காத்திருக்கும்.

காட்டின் நடுவே செங்குத்தான ஒரு பாறை. அதன் உச்சியில் வற்றாத சுனை ஒன்று இருந்தது. அங்கே மான்கள் ஏற முடியாது. சுனைக் கரையில் பட்டுப்போன மருதமரம் ஒன்று நின்றது. அதன் மொட்டைக் கிளையில் நான்கு நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். செந்நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன என்பது அங்கிருந்து பளிச்சென்று தெரியும்.

மான்களின் நிலையைப் பார்த்து அந்தப் பறவைகள் இரக்கப்பட்டன. ஆனால் அவற்றின் கத்தல் அவ்வளவு தூரம் கேட்காது. எனவே சிறகால் பேசத் தொடங்கின.

ஒரு பறவை சிறகை விரிக்கலாம், அல்லது மூடலாம். பாதி விரிப்பது கிடையாது. தூரத்திலிருந்து பார்க்கும் மானுக்குப் பாதி புரியாது. முதல் பறவை விரித்தால் நான்கு. இரண்டாவது விரித்தால் இரண்டு. மூன்றாவது விரித்தால் ஒன்று. விரிந்தவற்றைக் கூட்டினால் எந்த மடு ஆபத்தில்லாதது என்று தெரிந்துவிடும். முதலும் மூன்றாவதும் விரிந்திருந்தால் ஐந்தாம் மடு. மூன்றும் விரிந்தால் ஏழாம் மடு. எல்லாம் மூடியிருந்தால், இன்று வெளியே வராதே.

உங்கள் கணினியின் வயிற்றுக்குள்ளும் இதே கதைதான், குழந்தைகளே. உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகளை வரிசையாக அடுக்கித்தான் அது எண்ணையும் எழுத்தையும் பாட்டையும் படத்தையும் உண்டாக்குகிறது.

அப்படியானால் நான்காவது பறவை எதற்கு? அது எந்த மடுவையும் சொல்வதில்லை. மற்ற மூன்றில் ஒன்றோ மூன்றோ விரியவேண்டிய நாளில் தானும் விரிக்கும். இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். விரிந்த சிறகுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. அதனால் எல்லோரும் அதை இரட்டைக்காரன் என்று கூப்பிட்டார்கள். என்றைக்காவது விரிந்த சிறகுகள் ஒற்றைப்படையாகத் தெரிந்தால் யாரோ பிசகிவிட்டார்கள் என்று பொருள். மான்கள் அசையாமல் நிற்கும். பறவைகள் மறுபடியும் சொல்லும்.

நடுவில் உட்காரும் இரண்டாவது பறவைக்குத் துடுக்கன் என்று பெயர். அதற்கு எதிலும் அவசரம். ஒருநாள் அது தூங்கி வழிந்து, விரிக்க வேண்டிய சிறகை விரிக்காமல் விட்டுவிட்டது. ஒரே ஒரு சிறகுதான் தெரிந்தது. மான்கள் நகரவில்லை. தவறு யாருடையது என்று கிளையில் சண்டை மூண்டு, திரும்பச் சொல்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

மான்களின் தலைவி செவ்வரிக்குத் தும்பி என்று ஒரு குட்டி. அன்று அது தாகத்தில் நாக்கு வறண்டு சுருண்டு விழுந்தது. செவ்வரி அதை மறக்கவில்லை.

துடுக்கனும் அவமானத்தை மறக்கவில்லை.

செந்நாய்கள் தின்றுபோட்ட மிச்சத்தில் வயிறு வளர்க்கும் கிழநரி ஒன்று இருந்தது. மான் ஒன்றும் அகப்படாததால் செந்நாய்களுக்கே பட்டினி. நரியைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? அது மெல்லப் பாறையடிக்கு வந்து துடுக்கனோடு பேச்சுக் கொடுத்தது.

"சுனையில் மீன் குறைந்துவிட்டதாமே, தம்பி?"

"ஆமாம் மாமா. கிடைக்கிற கொஞ்சத்தையும் நாலு பங்கு போடவேண்டியிருக்கிறது."

"மடுவைச் சொல்வது மூன்று பேர். பங்கு மட்டும் ஏன் நாலு?"

அவ்வளவுதான் நரி கேட்டது. வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

அன்று சாயங்காலமே துடுக்கன் கிளையில் பேச்சை எடுத்தது. நான்காவது ஆள் இதுவரை ஒரு மடுவையாவது சொன்னதுண்டா என்று கேட்டது. அதனால் தாமதம்தான் மிச்சம், மான்களே சலித்துக்கொள்கின்றன என்றது. மற்ற இரண்டும் மீனை நினைத்துத் தலையாட்டின.

இரட்டைக்காரன் கோபப்படவில்லை. "நான் செய்தி எதுவும் சொல்வதில்லை, உண்மைதான். நீங்கள் சொல்வதில் பிசகு இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்கிறேன்" என்றது.

"நாங்கள் பிசகமாட்டோம்" என்றது துடுக்கன்.

இரட்டைக்காரன் வேறு சுனை தேடிப் பறந்துபோயிற்று. இனி மூன்று பேரை மட்டும் பார்த்தால் போதும் என்று மான்களுக்குத் தகவல் போனது. சுமந்து போனது நரிதான். செவ்வரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இனிமேல் குட்டி தாகத்தில் கிடக்காது என்று நிம்மதிப்பட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பத்து நாள் எல்லாம் சரியாகவே நடந்தது. இதற்குள் தும்பியும் கூட்டக் கற்றுக்கொண்டது. காலையில் எல்லோருக்கும் முன்னால் ஓடி மரத்தைப் பார்க்கும். "அம்மா, இன்றைக்கு மூன்று" என்று வந்து சொல்லும். தாய் ஒருமுறை பார்த்துச் சரி என்று தலையாட்டும். குட்டிக்குத் தலைகால் புரியாது.

பதினோராம் நாள் செந்நாய்கள் ஆறாம் மடுவில் பதுங்கியிருந்தன. நான்காம் மடுவில் ஒரு ஆபத்தும் இல்லை. முதல் பறவை மட்டும் விரித்தால் போதும். மற்ற இரண்டும் மூடியிருக்க வேண்டும்.

செய்தி சொல்லி முடிக்கும் வரை யாரும் சுனையில் முங்கக்கூடாது என்பது அந்தக் கிளையின் விதி. நீர்க்காகத்தின் சிறகு தண்ணீரில் நனைந்து கனத்துப்போகும். நனைந்தால் விரித்துக் காயவைக்காமல் அதனால் இருக்க முடியாது. ஆனால் அன்று விடியும்போதே கரையோரம் மீன் மின்னியது. துடுக்கன் பொறுக்கவில்லை. ஒரு முங்கு முங்கி, மீனை விழுங்கிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

முதல் பறவை சிறகை விரித்தது. துடுக்கனும், என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், வெயிலுக்கு இதமாகத் தன் சிறகை விரித்தது.

நான்கும் இரண்டும் ஆறு.

இரட்டைக்காரன் இருந்திருந்தால் அதுவும் அன்று விரித்திருக்கும். மூன்று சிறகுகள் தெரிந்திருக்கும். மான்கள் நின்றிருக்கும். அன்று தெரிந்தது இரண்டே சிறகுகள். அதைத் தவறு என்று சொல்ல அந்தக் கிளையில் ஒருவரும் இல்லை.

"அம்மா, இன்றைக்கு ஆறு" என்றது தும்பி.

செவ்வரி மரத்தைப் பார்த்தது. சரி என்று தலையாட்டியது. குட்டி துள்ளிக்கொண்டு முன்னால் ஓடியது.

துடுக்கன் குனிந்து பார்த்தபோதுதான் தன் சிறகு விரிந்திருப்பதை உணர்ந்தது. சட்டென்று மூடியது. அதற்குள் மான்கள் மரங்களுக்குள் இறங்கிவிட்டன. மூன்று பறவைகளும் தொண்டை கிழியக் கத்தின. அவ்வளவு தூரம் அது கேட்காது.

ஆறாம் மடுவில் முதலில் வாய் வைத்தது தும்பி. புதரிலிருந்து முதலில் பாய்ந்த செந்நாய்க்கு அதுதான் கிடைத்தது. பிறகு இன்னும் எட்டு மான்கள் விழுந்தன. மடுத் தண்ணீர் மத்தியானம் வரை தெளியவில்லை. நரி வயிறாரத் தின்றது.

மறுநாள் செவ்வரி தனியாகப் பாறையடிக்கு வந்து நின்றது. விலாவில் ஒரு கடி ஆறாமல் இருந்தது. அது யாரையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது.

"என் பிள்ளை தப்பாகக் கூட்டிவிட்டானா?"

மற்ற இரண்டு பறவைகளும் துடுக்கனைத் திரும்பிப் பார்த்தன. துடுக்கன்தான் பதில் சொன்னது.

"இல்லை அம்மா. அவன் சரியாகத்தான் கூட்டினான்."

செவ்வரி திரும்பி நடந்தது. மிஞ்சிய மான்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டை விட்டே போய்விட்டது. மூன்று பறவைகளும் அதற்குப் பிறகு ஒருநாள்கூடப் பிசகாமல் காலைதோறும் சிறகை விரித்தன, மூடின. நிமிர்ந்து பார்க்க ஒரு மானும் இல்லை.

நீதி: பிழையைக் காட்டிக் கொடுப்பவரை வீண் சுமை என்று விரட்டினால், பிறகு வரும் பிழை உண்மையின் உருவத்திலேயே வந்து உயிரை வாங்கும்.