தூசி படியாத கண்ணாடி

கோதண்டத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு மெய்யம்மைக்கு நாற்பத்தொன்று. நகரத்துக்கு அடியில் ரயில் ஓடும் சுரங்கம் எங்கே பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்வது மெய்யம்மையின் வேலை. பத்து வருடமாக அவரிடம் அதைக் கற்றுக்கொண்டிருந்தார் கோதண்டம்.

ஆறு மாதத்துக்கு முன் அதே வேலையைக் கற்றுக்கொள்ள சாஹிரா வந்து சேர்ந்தாள். அன்றைக்குப் பிடித்தது கோதண்டத்துக்கு வயிற்றெரிச்சல். சுரங்கச் சுவர் வரிசையாக எண் போட்ட கான்கிரீட் வளையங்களால் ஆனது; அந்தப் பெண் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு மாதத் தொடக்கத்தில் கம்ப்யூட்டரில் அளவுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இருநூற்றுப் பதினாலாம் வளையத்துல இருக்கிற விரிசல் இந்த மாசத்துக்குள்ள பெரிசாகும்" என்றாள். எல்லார் முன்னாலும் "சபாஷ்!" என்றார் மெய்யம்மை. பத்து வருடத்தில் அந்தச் சபாஷ் கோதண்டத்துக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. பாவம் மனுஷன், அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவையே திறக்கவில்லை.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, அதன்மேல் தேதி எழுதுவது அவர்கள் வழக்கம். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஒட்டுவதும், தினமும் போய்ப் பார்ப்பதும் கோதண்டம்தான்.

அந்த மாதக் கடைசி நாள் விடியற்காலை, சிரித்த முகத்தோடு வந்து நின்றார்.

"கண்ணாடி முழுசா இருக்கு மேடம். அந்தப் பொண்ணு சொன்னது புஸ்ஸுன்னு போச்சு."

"அப்படியா? வாங்க, பார்த்துட்டு வரலாம்."

"அதான் நான் பார்த்துட்டேனே?"

"எனக்கும் ஆசை இருக்காதா சார்?"

தண்டவாளத்தின் ஓரமாக நடந்தார்கள். இருநூற்றுப் பதின்மூன்றாம் வளையத்துக் கண்ணாடியை மெய்யம்மை விரலால் துடைத்தார். விரல் கறுத்துப்போனது. அடுத்த விரலால் பதினாலாம் வளையத்துக் கண்ணாடியைத் துடைத்தார். தூசி லேசாகத்தான் ஒட்டியது.

"ரெண்டுலயும் ஒரே தேதி போட்டிருக்கு. தூசிகூட ஆள் பார்த்தா படியும்?"

கோதண்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முதல் ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றார் மெய்யம்மை.

"உடைஞ்சிருந்துச்சு மேடம். மூணு நாளாச்சு. நான்தான் புதுசு ஒட்டி, பழைய தேதியைப் போட்டேன்."

மெய்யம்மை சுவரில் இருந்த போனை எடுத்தார். "இந்தப் பாதையில ரயில் விடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் ஒண்ணுகூட விடக்கூடாது."

மூன்று நாளாக அந்த வளையத்தின் வழியாக ரயிலில் போய்வந்த ஜனக்கூட்டம் கோதண்டத்தின் கண்ணில் நின்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"பொறாமை மேடம், வேற ஒண்ணுமில்ல. அவ ஜெயிக்கிறதை என்னால தாங்க முடியல. என் மேல ரிப்போர்ட் எழுதுங்க."

"எழுதத்தான் போறேன். ரெண்டு பேர் மேல."

"ரெண்டு பேரா? ஐயோ, சாஹிரா என்ன தப்புப் பண்ணா?"

"அவ சொன்னது அப்படியே நடந்துச்சே, அவ மேல எதுக்கு? இன்னொண்ணு என் மேலதான். அவளுக்கு சபாஷ் சொன்னேனே, அன்னிக்கு உங்க முகம் போன போக்கை நான் பார்த்தேன் சார். அங்கேயும் ஒரு கண்ணாடி ஒட்டணும்னு எனக்குத் தோணாமப் போச்சே."